இரண்டாவது மாடியில் ஒரு கிடாய்

காரைக்குடி
12.10.2025

அண்ணன் வேல்பாண்டி அவர்களுக்கு,

சத்தியப்பிரியா எழுதுவது. என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து மூன்று மாதம் ஆகிறது. ரேணுகா அண்ணிக்குப் போன் செய்தால், "உங்க அண்ணன் பக்கத்துல இருக்காக" என்று குசுகுசுத்துவிட்டு வைத்துவிடுகிறார். ஆகவே தபால். காரைக்குடியில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் தங்கை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுவயலில் ரைஸ் மில் வைத்திருக்கும் சொந்த அண்ணனுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறாள். போஸ்ட் ஆபீஸ் அம்மா கவரை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் அபார்ட்மென்ட் கேட் வரை வந்ததாக வாட்ச்மேன் காசி சொன்னார். பதிவேட்டையும் காட்டினார். பெயர், வேல்பாண்டி. ஊர், புதுவயல். யாரைப் பார்க்க, 2-சி. உறவு என்ற இடத்தில் "தெரிந்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு மேலே வராமல் திரும்பியும் போய்விட்டீர்கள். முப்பத்தைந்து வருடமாகத் தெரிந்தவர். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது.

அண்ணி மூலம் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. கிடாயை ஒழுங்காகத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாம். நான் திருடிக்கொண்டு ஓடியது மாதிரி ஒரு தொனி. நடந்ததை ஒரு முறை எழுத்தில் வைத்துவிடுகிறேன். ஜூலை மாதம், திருப்பூரில் அந்த மனிதரோடு இனி ஒரு நாளும் முடியாது என்று ஒரு பெட்டியோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றேன். பகல் மூன்று மணி. நீங்கள் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றுகொண்டு, "மாப்பிள்ளையோட வா, மகராசியா உள்ள வா. தனியா வந்தா ஊரு என்ன பேசும்?" என்றீர்கள். மில் லாரிக்காரர்கள் டீ குடித்துக்கொண்டே பார்த்தார்கள்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தில் கருப்புக் கிடாய் கட்டியிருந்தது. போன வருட மழைக்காலத்தில் டெங்குவில் நான் பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தபோது, என் உயிருக்காக நம் குலசாமி கருப்பருக்கு நீங்கள் நேர்ந்துவிட்டது. என்னை உள்ளே விடாத வீட்டில் என் உயிருக்கு ஈடான கிடாய்க்கு என்ன வேலை? அவிழ்த்து ஆட்டோவில் ஏற்றினேன். நீங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து தடுத்திருக்கலாம். திறந்தால் நான் உள்ளே வந்துவிடுவேனோ என்ற பயம் உங்களுக்கு.

காரைக்குடியில் கல்லூரி வேலை ஏற்கெனவே கிடைத்திருந்தது. அங்கே வீடு தேடினேன். ஒன்பது வீடு. எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, "கூட ஆம்பளை யாரு இருக்காக?" யாரும் இல்லை என்றதும் சாவி இடுப்புக்குப் போய்விடும். கிடாய் வரைக்கும் பேச்சே போகவில்லை. கடைசியில் கோட்டையூர் ரோட்டில் இந்த "பேர்ல் பில்லர்ஸ்" கிடைத்தது. பெட் பிரண்ட்லி லக்ஷுரி லிவிங் என்று பத்தடி உயரத்துக்கு ஒரு நாய் சிரிக்கிற போர்டு. மேனேஜர், வீட்டில் ஆண் யார் என்று கேட்கவே இல்லை. "பெட் இருக்கா மேடம்?" என்றுதான் கேட்டார். விண்ணப்பத்தில் எனக்குப் பெயர் "பெட் பேரன்ட்". தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் ஒண்டுக் குடித்தனம்கூடக் கிடையாது. ஒரு மிருகத்துக்குத் தாய் என்றால் லிஃப்ட் வைத்த வீடு.

பெட்டின் பெயர் கேட்டார்கள், சொக்கு என்று வைத்தேன். இனம் என்ற இடத்தில் நாட்டுக் கிடாய் என்று எழுதினேன். மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இம்போர்ட்டடா மேடம்?" என்றார்.

இவர்களுடைய லக்ஷுரியையும் கேளுங்கள். வாசலில் நான்கு பெரிய தூண்கள். தேக்கு மாதிரிப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். தட்டினால் டொக்கு டொக்கு என்கிறது. ஆத்தங்குடிக் கல் மாதிரிப் படம் ஒட்டிய தரை. உண்மையான கல் கிடைக்கும் ஆத்தங்குடி பக்கத்து ஊர்தான், அதை இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். நாய்களுக்கென்று ஒரு பூங்கா, அதில் புல்லும் பிளாஸ்டிக். சொக்கு ஒரு வாய் கடித்துத் துப்பிவிட்டு, இதற்கா என்னைக் கூட்டிவந்தாய் என்பது போல் பார்த்தது. பிராணியிடம் வாடை வரக்கூடாது என்பது விதி. வாரத்தில் மூன்று நாள் கீழே "பெட் ஸ்பா"வில் ஷவரில் நிறுத்தி ஷாம்பூ போட்டுக் கையெழுத்திட வேண்டும். முதல் நாள் கத்தி ஊரைக் கூட்டியது. இப்போது தானாகவே குழாய்க்கு அடியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது.

கிடாயைத் தர மாட்டேன்.

சத்தியப்பிரியா

புதுவயல்
25.10.2025

சத்தியப்பிரியாவுக்கு,

உன் கடிதம் மில் விலாசத்துக்கு வந்தது. கூலி வாங்க நின்ற அத்தனை பேர் எதிரிலும் பிரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை வீட்டுக்குப் போடு.

தெரிந்தவர் என்று எழுதியதில் என்ன தப்பு? தெரியாதவர் என்றா எழுதுவார்கள்? நான் முதலில் பேனாவை எடுத்ததே அண்ணன் என்று எழுதத்தான். அதற்குள் உன் வாட்ச்மேன், "நம்ம ஆட்டுக்காரம்மாவுக்கு என்ன வேணும் நீங்க?" என்று கேட்டான். ஆட்டுக்காரம்மா! புதுவயல் கடைத்தெருவில் நான் நடந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். நம் அப்பா ஊர்த் தலைவரான அம்பலத்தோடு சரிக்குச் சரி உட்கார்ந்தவர். அந்த வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. படித்து வாங்கிய பட்டம் ஆட்டுக்காரம்மா. அந்த இடத்தில் அண்ணன் என்று எழுத என் கை வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டாவது மாடி பால்கனியில், உன் சுடிதார் காய்கிற கொடிக்குப் பக்கத்தில், கருப்பர் கிடாய் கம்பி வழியாகத் தலையை நீட்டி டவுன் பஸ்ஸை வேடிக்கை பார்க்கிறது. கழுத்தில் சிவப்புப் பட்டை. காதை அறுத்து நேர்ந்துவிட்ட கிடாய்க்குப் பெயர் வைப்பார்களா? சாமி கிடாய்க்கு ஷாம்பூ போட்ட முதல் ஆள் நம் வம்சத்தில் நீதான். அந்தப் பிளாஸ்டிக் தூணுக்கு நடுவில் நாய்க் கூட்டத்தோடு குடித்தனம் செய்வதற்குப் பெயர் வாழ்க்கை என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். கிடாயை ஏன் அந்தக் கூத்தில் சேர்க்கிறாய்?

படித்ததில் எல்லாம் மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். சிவராத்திரிக்குக் குலசாமி கோவிலில் மாசிக் களரி கும்பிட்ட மறுநாள் காலையில், கிடாய்க்கு மாலை போட்டுக் கருப்பர் முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலிர்த்து உதறித் துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அரிவாள். நேர்ந்த கிடாய்க்குப் பதில் சந்தையில் இன்னொன்று பிடித்து நிறுத்த முடியாது. போன மாசியில் குட்டியாக இருந்தது, விட்டோம். இந்த மாசி தாண்டக்கூடாது.

கேட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று காலையே மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் போன் செய்துவிட்டார்கள். உன்னை உள்ளே விட்டிருந்தால் பிரித்துவைத்தது அண்ணன்காரன் என்று ஆகியிருக்கும். எனக்கும் ஒரு பெண் வளர்கிறாள். கீர்த்திக்கு நாளைக்கு ஒரு இடம் பார்க்க வேண்டாமா? இதெல்லாம் யோசிக்கிற பொறுப்பு எனக்கு இருக்கிறது. ஆட்டோவில் ஆட்டை ஏற்றுகிறவர்களுக்கு இருக்காது.

வேல்பாண்டி

காரைக்குடி
16.11.2025

அண்ணன் அவர்களுக்கு,

கீர்த்திக்குப் பதினைந்து வயது. அவளுக்கு இடம் பார்க்கப்போகிற அன்று, கூடவே ஒன்றை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அவளும் ஒரு நாள் பெட்டியோடு வந்து நின்றால் கம்பிக்கு எந்தப் பக்கம் நிற்பீர்கள்?

இங்கே எனக்கு வேறு ஒரு ரகளை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அகல்யா என்று ஒரு அம்மாள். நாய்க்குத் தனி ஏசி, நாய்க்குப் பிறந்தநாள், நாய்க்கு மாம்பழக் கலரில் ஸ்வெட்டர். காரைக்குடி வெயிலில் ஸ்வெட்டர்! சொக்கு லிஃப்ட் கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒரு முட்டு முட்டியதில் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. உடனே கூட்டம் போட்டார்கள். ஆடு பெட் ஆகாதாம். "பெட்டுன்னா வீட்டுல பிள்ளை மாதிரி வளக்குறது மேடம். இது சாப்பிடுறது" என்றார் அகல்யா. கூட்டம் முடிந்து எல்லாரும் போன வழியில்தான் பிரியாணிக்கடை. ஒருவருக்கும் கூசவில்லை.

நான் விளம்பரத் தாளை நீட்டினேன். "செல்லப் பிராணிகள் வரவேற்கப்படுகின்றன என்று போட்டிருக்கிறீர்கள். நாய் என்று எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டேன். மேனேஜர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டும் போடாமலும் படித்தார். முடிவு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை சொக்கு படிக்கட்டில்தான் ஏறி இறங்க வேண்டும். இரண்டு மாடி. அது நாலு தாவலில் ஏறிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

இவர்களையும் உங்களையும் ஒரே தராசில் வைக்கலாம். அவர்கள் வெட்டிச் சாப்பிடுவதால் அது பிள்ளை இல்லை என்கிறார்கள். நீங்கள் வெட்டப்போவதால் அதற்குப் பெயர்கூடக் கூடாது என்கிறீர்கள்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே குளம்புச் சத்தம் கேட்கிறது. என்னைப் பார்த்து யாரோ எழுந்து வருகிறார்கள். அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உங்களுக்குக் கிடாய் வேண்டுமென்றால் ஒரே வழி. ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள். "அன்று கேட்டைத் திறக்காதது தப்பு." கையெழுத்துப் போடுங்கள். அழகாகத்தான் போடுகிறீர்களே.

சத்தியப்பிரியா

புதுவயல்
22.12.2025

சத்தியப்பிரியாவுக்கு,

அந்த வரியை எழுத மாட்டேன். உனக்கு நான் தகப்பன் ஸ்தானம். தகப்பன் மன்னிப்புக் கடிதம் எழுதி நீ பார்த்திருக்கிறாயா?

அதை எழுத இந்தத் தாளை எடுக்கவில்லை. கீர்த்திக்குக் காய்ச்சல். இன்றோடு ஆறு நாள். உனக்கு வந்ததே அதே காய்ச்சல். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இந்தக் கடிதத்தை அதன் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குச் சிரிப்பாக இருக்கும். கொசுவுக்கும் கருப்பருக்கும் என்ன சம்பந்தம் என்பாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தங்கச்சி உயிரைக் கொடு, கிடாய் தருகிறேன் என்று கேட்டேன். அவர் கொடுத்துவிட்டார். நான் கொடுக்கவில்லை. இப்போது என் பெண் படுத்திருக்கிறாள்.

கெஞ்சவில்லை. சொல்கிறேன்.

வேல்பாண்டி

காரைக்குடி
28.01.2026

அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் டீக்கடைக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். மூன்று நாள் வந்தேன். அண்ணி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அவரைத் திட்ட வேண்டாம். கீர்த்தியைச் சிரிக்கவைக்கச் சொக்குவின் போட்டோக்களையும் வீடியோக்களையும் காட்டினேன். "அத்தை, அப்பா கண்ணாடி சன்னல் பக்கம் நின்னுக்கிட்டுக் கருப்பர்கிட்டப் பேசுறாக. நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு அழுவுறாக" என்றாள்.

கீர்த்தி தேறிவிட்டாள். டாக்டரும் இரண்டு நர்சுகளும் ராப்பகலாகப் பார்த்ததில் தேறினாள். அந்தப் பெருமையையும் நீங்கள் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் இனி அவளுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட நீங்கள் என் பால்கனியைத்தான் பார்ப்பீர்கள். அந்தப் பார்வையை ஆயுசுக்கும் தாங்க எனக்குத் தெம்பில்லை. கிடாயைக் கூட்டிப்போங்கள். பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை மில் வண்டியை அனுப்புங்கள். நீங்கள் வரவேண்டாம். வந்தால் பதிவேட்டில் இன்னும் என்னவெல்லாம் எழுதுவீர்களோ.

வாழைப்பழத் தோல் பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழேதான் படுக்கும். சொக்கு என்று கூப்பிட்டால் வரும். நீங்கள் கூப்பிட மாட்டீர்கள், அண்ணியைக் கூப்பிடச் சொல்லுங்கள். களரி வரைக்கும் அந்த ஒரு வாரம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தில் கட்டாதீர்கள். உள்ளே கட்டுங்கள். ஒருவரையாவது உள்ளே விடுங்கள்.

நான் களரிக்கு வரப்போவதில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

சத்தியப்பிரியா

புதுவயல்
18.02.2026

சத்தியப்பிரியாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு, கிடாயையும் அதே வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். டிரைவரிடம் எதுவும் கேட்காதே. அவன் சிரிப்பான்.

திங்கட்கிழமை காலை என்ன நடந்தது என்று ஊரில் யாராவது ஒன்றுக்குப் பத்தாக உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். பங்காளிகள் நாற்பது குடும்பமும் வந்திருந்தார்கள். இந்த வருடத்து முதல் கிடாய் நம்முடையது. மாலை போட்டு நிறுத்தினேன். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். துலுக்கவில்லை. இரண்டாவது செம்பு ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டது. குடத்தோடு கவிழ்த்தேன். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, இங்கேயும் ஊற்று என்பது போல் காட்டியது. மற்றவர்கள் கிடாயெல்லாம் ஒரு கை தண்ணீருக்கே உதறித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. நம்முடையது சுகமாக நிற்கிறது.

சேவுகப்பெருமாள் சித்தப்பா சாமி இறங்கி ஆடிக்கொண்டிருந்தார். சட்டென்று நின்றார். "என்னமோ குறை இருக்குடா. யாரோ மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு நிக்கிறீக. சொல்லிருங்க" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மாயக்கண்ணன் முன்னால் வந்து, பக்கத்து வயல் வரப்பை வருடத்துக்கு ஒரு சாண் தள்ளி வெட்டியதாக ஒப்புக்கொண்டான். வீரபாண்டியன், கோவில் பெரிய அண்டாவைத் தன் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் வைத்திருப்பதாகச் சொன்னான். நாலு வருடமாக அதைத்தான் ஊரே தேடிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு குடம் ஊற்றினார்கள். பதினோரு குடம். கிடாய் ஒரு மயிரைக்கூட அசைக்கவில்லை.

"வீட்டுப் பொம்பளப்புள்ள கண்ணீரு கெடக்குடா வேலு" என்றார் சித்தப்பா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கீர்த்தியைப் பார்த்தேன். இளைத்துப்போய் அவள் அம்மா தோளில் சாய்ந்து நிற்கிறாள். மண்ணில் விழுந்தேன். "சாமி, தங்கச்சி வாசல்ல வந்து நின்னா. நான் கதவத் தொறக்கல. அவ மேல தப்புன்னு நெனச்சு இல்ல. ஊருக்குப் பயந்துக்கிட்டுத் தொறக்கல. தப்புதான் சாமி" என்றேன். கத்திச் சொன்னேன். நாற்பது குடும்பமும் கேட்டது.

எழுந்து நானே ஒரு குடம் ஊற்றினேன். கிடாய் என் கையை நக்கியது.

அப்போதுதான் கீர்த்தி வாயைத் திறந்தாள். "அப்பா, அத்தை வீட்டுல அது வாரத்துக்கு மூணு நாள் ஷவர்ல குளிக்குது. அதுக்குத் தண்ணின்னா பழக்கம். வீடியோல பாத்தேன்" என்றாள். இரண்டு நிமிடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? முதலில் யாரோ ஒரு பொம்பளை சிரித்தாள். பிறகு நாற்பது குடும்பமும் சிரித்தது. நீ எழுதியதை நானும் படித்தவன்தான். குடத்தைத் தூக்கும்போது ஒரு நிமிடம்கூட ஞாபகம் வரவில்லை.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சாமி எந்த வழியாச் சொன்னா உனக்கு என்ன? வேணாம்னு சொல்லிட்டாரு. உன் கூடப் பொறந்த பொண்ணுகிட்டயே கொண்டுபோய் விடு" என்று விபூதியை எடுத்து அதன் நெற்றியில் பூசிவிட்டார்.

ஆக, ஷாம்பூவுக்காக நான் மண்ணில் விழுந்தேன். இனி கடைத்தெருவில் எவன் எழுந்து நிற்பான்? ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். தெரிந்தேதான் அனுப்பினாயா?

வேல்பாண்டி

காரைக்குடி
25.02.2026

அண்ணன் அவர்களுக்கு,

உண்மையைச் சொல்கிறேன். ஜனவரியில் கடிதம் எழுதும்போது தெரியாது. அனுப்புகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. கடைசிக் குளியல் என்று நானே அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினேன். தலையைக்கூட அசைக்காமல் நின்றது. எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. உங்கள் மஞ்சள் தண்ணீர் ஞாபகம் வந்தது. உடனே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் நம்பரைப் பிளாக் செய்தவர் யார்?

பங்காளிகளின் பெருமையையும் படித்தேன். வரப்பை வெட்டியவன், அண்டாவைத் திருடியவன், தங்கைக்குக் கதவை அடைத்தவர். இவ்வளவு பேரும் ஊர் என்ன பேசும் என்று ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு வாழ்ந்திருக்கிறீர்கள். அந்த ஊரின் பேச்சுக்கு என்னைக் கொடுத்தீர்கள். ஒரு பாட்டில் ஷாம்பூ இல்லாவிட்டால் இந்த உண்மையெல்லாம் உங்கள் வம்சத்தில் இன்னும் நூறு வருடம் வெளியே வந்திருக்காது.

இங்கே நடப்பதைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். மில் டிரைவர், வாட்ச்மேன் காசியிடம் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் அகல்யா நிற்கிறார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஆடு பெட் ஆகாது என்ற அதே அகல்யா. "சாமியே வேணாம்னு சொன்ன கிடாயாமே மேடம். என் பையனுக்கு நீட் எக்ஸாம். ஒரு நிமிஷம் முன்னால நின்னுட்டுப் போறேன்" என்றார். ஸ்வெட்டர் நாயும் கூடவே நின்றது. சொக்கு பழத்தையும் தின்றுவிட்டு அவர் துப்பட்டாவின் நுனியையும் கொஞ்சம் தின்றது. பிரசாதம் போலப் பொறுத்துக்கொண்டார். சங்கத்தில் நேற்றுத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். சொக்கு இனி லிஃப்டில் போகலாம்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தை மட்டும் ஏழெட்டு முறை படித்தேன். அவ மேல தப்புன்னு நெனச்சு இல்ல என்ற இடம். ஜூலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த பதில் அது. ஆனால் அதை நீங்கள் கருப்பரிடம் சொன்னீர்கள். நாற்பது குடும்பத்திடம் சொன்னீர்கள். கிடாயிடம்கூடச் சொன்னீர்கள். என்னிடம் இன்னும் சொல்லவில்லை.

சத்தியப்பிரியா

காரைக்குடி
16.03.2026

அண்ணனுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குக்கூடப் போகவில்லை. நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். சாயங்காலம் கீழே இறங்கினால், காசி ஒரு கட்டு அகத்திக்கீரையை எடுத்து நீட்டுகிறார். கீரைக்கு அடியில் உங்கள் மில் பை, அதில் புது அரிசி. காலையிலேயே வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். யாரைப் பார்க்க, 2-சி. உறவு என்ற இடத்தில் "தெரி" என்று தொடங்கி, அடித்து, அதற்கு மேலே "அண்ணன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை கையெழுத்து முத்து முத்தாக இல்லை. கோணல் மாணலாக இருக்கிறது.

ஏன் மேலே வரவில்லை என்று காசியிடம் சண்டைக்குப் போனேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். "லிஃப்டு வரைக்கும் போனாகம்மா. திரும்பி வந்து, ஏப்பா, மணியடிச்சா அந்தப் புள்ள கதவத் தொறக்குமான்னு எங்கிட்டக் கேட்டாக. நான் என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரியாதேன்னேன். கொஞ்ச நேரம் நின்னாக, போயிட்டாக."

மூடிய கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு வெயில். உங்களுக்கு ஏசி லாபி. அந்த வித்தியாசத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் கீர்த்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பகல் மூன்று மணிக்கு வாருங்கள், எல்லாரும் பார்க்கிற நேரம். அடுப்பில் கறி இருக்காது, சாம்பார்தான். லிஃப்டில் இரண்டை அழுத்துங்கள். மணியடித்ததும் திறப்பேன். ஊர் என்ன பேசும் என்று நான் யோசிப்பதில்லை.

சத்தியா